சம்பளம் போடுகிறவரின் வேலை எது?

"அக்கா, போன மாசத்தவிட முந்நூத்தி அறுவது ரூவா கம்மியா ஏறியிருக்கு. நான் ஒரு நாளுகூட லீவு போடலையேக்கா?"

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையிலும் திருமங்கலம் பக்கத்து மில்களிலும் ஏழாம் தேதி தாண்டியதும் சம்பளப் பிரிவின் ஜன்னலுக்கு இப்படி ஒரு கேள்வி வராமல் இருக்காது. ஏ.ஐ. வந்துவிட்டால் சம்பளப் பிரிவு வேலை போய்விடுமா என்று கேட்கிறவர்கள், கணக்குப் போடுவதுதான் அந்த வேலை என்று நினைத்துக் கேட்கிறார்கள். கணக்கு எப்போதோ எக்செல்லுக்கும் டாலிக்கும் போய்விட்டது. மனிதரிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. அந்தக் கணக்குக்குள் எது போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஒன்று. வெளியே வந்த தொகைக்கு ஜன்னலில் நின்று பதில் சொல்வது இன்னொன்று. ஏ.ஐ. இந்த இரண்டையும் எந்த அளவுக்குத் தொடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 360 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 24,000 ரூபாய். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 9,000, வீட்டு வாடகைப்படி 9,000, பயணப்படி 6,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இதுவரை 9,000-க்குத்தான் பிடித்தார்கள். 12 சதவீதம் என்றால் 1,080 ரூபாய். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 'ஊதியம்' என்ற சொல்லுக்கே வேறு வரையறை. வாடகைப்படி, பயணப்படி, ஓ.டி., கமிஷன் போன்றவற்றை ஊதியத்தில் சேர்க்காமல் விடலாம். ஆனால் அப்படி விட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை திரும்பவும் ஊதியத்தில் வந்து சேரும். இங்கே விட்டது 15,000, பாதி 12,000. தாண்டிய 3,000 உள்ளே வந்து ஊதியம் 12,000 ஆகிறது. இதற்கு 12 சதவீதம் 1,440. கூடுதலாகப் பிடித்தது 360. (கணக்கு சிக்கலாகாமல் இருக்க, முதலாளி கட்டும் பி.எஃப். பங்கை இதில் சேர்க்கவில்லை. அதுவும் விலக்குப் பட்டியலில் உள்ளதுதான்.)

இத்தோடு நிறுத்தினால் பதில் பாதிதான். முதலாளியும் அதே 360-ஐக் கூடுதலாகக் கட்டுகிறார். முதலாளியின் 1,440-இலிருந்து, ஊதியமான 12,000-இல் 8.33 சதவீதம், ரூபாய்க்கு முழுமையாக்கினால் 1,000, பென்ஷனுக்குப் போகிறது. மீதி 440 பி.எஃப். கணக்கில் ஏறுகிறது. பணிக்கொடையிலும் (கிராஜுவிட்டி) மாற்றம் உண்டு. கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் சேவை ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். பத்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு 9,000-க்கு 51,923 ரூபாய் வரும், 12,000-க்கு 69,231 வரும். ஜன்னலில் நிற்கிறவருக்கு இவ்வளவையும் ஒரு நிமிடத்தில், அவருக்குப் புரிகிற தமிழில், அவருடைய எண்களை வைத்தே சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவர் மேல் அந்த மில்லே நம்பிக்கை வைத்திருக்கும்.

இதே கேள்வியை ஒரு ஏ.ஐ.யிடம் கேட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் அழகான பதில் வரும். சிக்கல், எந்தக் காலத்துச் சட்டத்தை வைத்துச் சொல்கிறது என்பதில்தான். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சட்டம் 1948-இல் வந்தது, பி.எஃப். சட்டம் 1952-இல். எழுபது ஆண்டுத் தீர்ப்புகளும் சுற்றறிக்கைகளும் கேள்வி-பதில்களும் இணையத்தில் மலைபோல் கிடக்கின்றன. புதிய வரையறையைப் பற்றிய எழுத்து அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி. மெஷின் எதை அதிகம் படித்ததோ அதன் பக்கம்தான் சாயும். இ.எஸ்.ஐ. விகிதம் 2019 ஜூலை 1 முதல் தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25 சதவீதம். அதற்கு முன் 1.75-உம் 4.75-உம். போனஸ் கணக்கிடும் உச்சவரம்பு 3,500-ஆக இருந்து, 2015 திருத்தத்தில் 7,000 ஆனது. குறைந்தபட்சக் கூலி அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூலியே அடிப்படை. பழைய எண்கள் எதுவும் இணையத்தை விட்டுப் போய்விடவில்லை. சரியான எண்ணுக்கும் செல்லாத எண்ணுக்கும் மெஷினின் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

அதனால் முதல் விதி: விகிதத்தை மெஷினின் நினைவிலிருந்து எடுக்கவே கூடாது. அலுவலகத்தில் ஒரு விகித அட்டவணை இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த அறிவிக்கை, யார் சரிபார்த்தது என்று நான்கு கட்டம். மெஷினுக்கு அந்தத் தாளைக் கொடுத்து, இதிலிருந்து மட்டும் பதில் சொல், இதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல் என்று கட்டுப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான டி.ஏ. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். அந்த அறிவிப்பு வந்த அன்றே அட்டவணையைத் திருத்துவது ஒருவர் பெயரில் இருக்கும் பொறுப்பாக வேண்டும்.

இரண்டாம் விதி: கூட்டல் பெருக்கலை மெஷினின் வாய்ப்பதிலில் வாங்கக் கூடாது. இத்தகைய மொழிக்கருவிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிறவை. 22,437-இன் 3.25 சதவீதத்தைச் சரியாகவும் சொல்லும், ஒரு ரூபாய் தள்ளியும் சொல்லும். எக்செல் சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், அதில் அது கெட்டி. அந்தச் சூத்திரத்தை, விடை ஏற்கெனவே தெரிந்த ஐந்து பேருக்கு ஓட்டிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், பி.எஃப்.பில் பக்கத்து ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும். சூத்திரம் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மெஷின் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒப்பிடுதல். 800 பேருடைய இந்த மாதச் சம்பளப் பட்டியலைப் போன மாதப் பட்டியலோடு வைத்து, யாருக்கு எங்கே மாறியிருக்கிறது, மாற்றத்துக்கு ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு மனிதருக்கு இரண்டு நாள் வேலை, கண்ணும் களைத்துவிடும். மெஷின் இதைச் சில நிமிடத்தில் செய்து, பார்க்க வேண்டிய 60 பேரை முன்னால் வைத்துவிடும். பாஸ்புக் படத்திலிருந்து கணக்கு எண்ணை எடுப்பது, முப்பது பக்கச் சுற்றறிக்கையிலிருந்து நமக்கு வேண்டிய இரண்டு பத்தியைப் பிரிப்பது, தமிழில் விளக்கக் கடிதத்துக்கு முதல் வரைவு எழுதுவது எல்லாம் நன்றாகவே நடக்கும். இதை ஒதுக்கிவைப்பது வீண் பிடிவாதம்.

ஆனால் அந்த 60 பேரைப் பற்றி முடிவெடுக்க ஊர் தெரிந்திருக்க வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து வரும் கம்பெனி பஸ் செக்கானூரணியில் பஞ்சர் ஆனால் 43 பேர் ஒரே நாளில் நாற்பது நிமிடம் தாமதம். மெஷின் அரை நாள் வெட்டச் சொல்லும். இரண்டு பேர் சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று மோசடிக் கொடி காட்டும். பார்த்தால் கணவன் மனைவி இருவரும் அதே மில்லில் வேலை பார்க்கிறார்கள், கூட்டுக் கணக்கு. இரவு ஷிஃப்டுக்காரர் 31-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உள்ளே வந்து 1-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு வெளியே போவார். பயோமெட்ரிக்கில் ஒவ்வொரு நாளிலும் ஒற்றைப் பதிவு. தேதி மாறுவதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் இரண்டு நாளும் ஆப்சென்ட் ஆகிவிடும். அதுவும் மாதக் கடைசி என்றால் ஒரு நாள் இந்த மாதச் சம்பளத்திலும் இன்னொன்று அடுத்த மாதத்திலும் போய் விழும்.

சித்திரைத் திருவிழா இன்னொரு சோதனை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். தொழிற்சாலைக்கு அது தானாகப் பொருந்தாது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுமுறைச் சட்டத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள் உண்டு. அந்த ஐந்தில் அழகர் நாளைச் சேர்த்திருந்தால்தான் அது சம்பளத்தோடு விடுமுறை. சேர்த்திருந்து அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுப்பு. மதுரைச் செய்திகளைப் படித்த மெஷின் அன்று விடுமுறை என்று அடித்துச் சொல்லும். அந்த மில்லின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலை அது பார்த்திருக்காது.

இ.எஸ்.ஐ.யில் நடக்கும் பிழை இன்னும் கனமானது, விவரமாகவே சொல்ல வேண்டும். இதில் வருவதற்கான சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். 20,800 வாங்கிய ஒருவருக்கு ஜூனில் உயர்வு கிடைத்து 21,600 ஆகிறது. 21,000-ஐத் தாண்டிவிட்டார், பிடித்தத்தை நிறுத்து என்று சூத்திரம் சொல்லும். நிறுத்தக் கூடாது. இந்தப் பிடித்தத்துக்கு, அதாவது சந்தாவுக்கு, காலக் கணக்கு உண்டு. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் நடுவில் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டும். 21,600-க்குத் தொழிலாளி பங்கு 162, முதலாளி பங்கு 702. செப்டம்பர் வரை நான்கு மாதம் இப்படிக் கட்டாமல் விட்டால், பிறகு கண்டுபிடிக்கும்போது தொழிலாளியின் பங்கையும் நிறுவனமே ஏற்க வேண்டும். அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காததை வேறு மாதச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. கூடவே ஆண்டுக்கு 12 சதவீத வட்டி.

பணம் போனால் போகட்டும். ஏப்ரல்-செப்டம்பரில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி-ஜூனில் கிடைக்கிறது. நோய்க்கால உதவி பெற அந்தச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா இருக்க வேண்டும். இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். ஜூனிலேயே நிறுத்திவிட்டால் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் 61 நாள்தான் தேறும். அவர் பிப்ரவரியில் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் தன் கணக்கில் நாள் குறைவது தெரியவரும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சூத்திரத்தில் விடுபட்ட ஒரு நிபந்தனைக்கு அன்று அவர் வீட்டில் உலை வைக்க முடியாமல் போகும். இந்த வேலையில் பிழைக்கு இவ்வளவு பெரிய விலை உண்டு என்பதை, மெஷினை வாங்கித் தருகிற நிர்வாகம் முதலில் உணர வேண்டும்.

பி.எஃப்.பிலும் இதேபோல் மறைந்திருக்கும் கண்ணிகள் உண்டு. பி.எஃப். கணக்கை மாதாமாதம் பதிவேற்றும் ஈ.சி.ஆர். கோப்பில் ஒரு ஆளுக்கு ஒரு வரி, பதினோரு கட்டம். 58 வயது முடிந்தவருக்குப் பென்ஷன் ஊதியக் கட்டத்தில் பூஜ்யம் வர வேண்டும், முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப்.புக்குப் போக வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாகப் பி.எஃப்.பில் சேர்ந்தவருக்கும் பென்ஷன் கிடையாது. மெஷின் கோப்பைக் கச்சிதமாகத் தயாரிக்கும், பதிவேற்றமும் ஆகிவிடும். தவறான கட்டத்தில் போன பணத்தைத் திருப்பப் பிறகு சொக்கிகுளம் பி.எஃப். அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பெயர்க் குழப்பம் நம் ஊருக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். அது ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கும், பி.எஃப்.பில் முன்னால் இருக்கும், வங்கியில் விரித்து எழுதியிருக்கும். அழகர்சாமியின் ழகரத்தை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். பெயர்ப் பொருத்தம் பார்ப்பதில் ஏ.ஐ. பழைய மென்பொருளைவிட எவ்வளவோ மேல், இந்த மூன்றும் ஒரே பெயர் என்று அதற்குத் தெரிகிறது. ஆனால் மேலூர்ப் பக்கம் ஒரே மில்லில் இரண்டு அழகர்சாமி இருப்பார்கள், இருவர் தகப்பனார் பெயரும் பாண்டியாக இருக்கும். பெயர் 98 சதவீதம் பொருந்துகிறது என்று சேர்த்துவிட்டால் ஒருவர் சேமிப்பு இன்னொருவர் கணக்கில் ஏறும். பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் ஒத்துப்போகாமல் எந்தப் பொருத்தத்தையும் ஏற்கக் கூடாது.

இனி வேலைவாய்ப்புக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் கார்ல் பெனடிக்ட் ஃப்ரேயும் மைக்கேல் ஆஸ்போர்னும் 2013-இல் 702 தொழில்களுக்கு, கணினிமயமாகும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள். சம்பளம், வருகைப் பதிவு எழுத்தர்களுக்கு 97 சதவீதம். மனிதவள மேலாளர்களுக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்த 97-ஐப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். அது தொழில்நுட்பத்தால் முடியுமா என்ற மதிப்பீடு, எப்போது நடக்கும் என்ற கணிப்பு இல்லை. ஆனாலும் அந்த எண் ஒரு பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சம்பளப் பிரிவை எழுத்தர் வேலை என்று பெயரிட்டுவிட்டால், மேலே நாம் பார்த்த இ.எஸ்.ஐ. கணக்கும் அழகர்சாமி கணக்கும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகின்றன.

அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா அரசாங்கம் பெரிய விலை கொடுத்தது. 2016-இல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அது ஏ.ஐ. இல்லை, வழக்கமான மென்பொருள்தான். அதைக் கொண்டுவரும்போது துறைகள்தோறும் இருந்த சம்பள ஆலோசகர்களில் ஏறத்தாழ 1,200 இடங்களை நீக்கி, மிராமிஷி என்ற ஊரில் 550 பேரை வைத்து ஒரே மையம் அமைத்தார்கள். புதியவர்களுக்கு ஒவ்வொரு துறையின் வழக்கமும் தெரியாது. சிலருக்குக் கூடுதலாகப் போனது, சிலருக்குக் குறைந்தது, சிலருக்குச் சம்பளமே வரவில்லை. ஒன்றரை ஆண்டு கழிந்தும் ஒன்றரை லட்சம் பேருக்குக் கோளாறு தீரவில்லை என்று அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார். மென்பொருளிலும் குறை இருந்தது. ஆனால் குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆட்களை முதலிலேயே அனுப்பிவிட்டதால்தான் அது அத்தனை பேரையும் பிடித்தது.

நம் பக்கம் சுருங்கப்போவது எது என்று மழுப்பாமல் சொல்ல வேண்டும். மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேடு) பார்த்து எக்செல்லில் ஏற்றும் வேலை, சம்பளச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும் வேலை, விடுப்பு எத்தனை மிச்சம் என்று பதில் சொல்லும் வேலை எல்லாம் குறையும். சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஈ.சி.ஆர்., இ.எஸ்.ஐ. சலான் மட்டும் போட்டுத்தரும் கன்சல்டன்ட் அலுவலகங்கள் அதிகம் அடிபடும். பி.காம். முடித்த பிள்ளைகள் முதல் வேலைக்கு நுழையும் வாசல் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் கவலை முழுவதும் இந்த வாசலைப் பற்றித்தான். இ.எஸ்.ஐ. பிடித்தத்தைச் செப்டம்பர்வரை நிறுத்தக் கூடாது என்பதை யாரும் வகுப்பில் உட்கார்ந்து கற்கவில்லை. மஸ்டரைக் கையால் ஏற்றி, தப்பு விட்டு, மூத்தவரிடம் திட்டு வாங்கிக் கற்றார்கள். மெஷின் அந்த முதல் இரண்டு ஆண்டு வேலையை எடுத்துக்கொண்டால், பத்து ஆண்டு கழித்து மெஷினைச் சரிபார்க்க ஆள் எங்கிருந்து வருவார்? அதனால் புதிதாகச் சேர்கிறவருக்கு மாதம் பத்து பேர் சம்பளத்தையாவது கையால் போடவைக்க வேண்டும், மெஷினின் விடையைக் காட்டுவதற்கு முன்பே. அந்தப் பத்தில் இரவு ஷிஃப்டுக்காரர் ஒருவர், மாத நடுவில் சேர்ந்தவர் ஒருவர், விலகியவர் ஒருவர், 58 தாண்டியவர் ஒருவர், சந்தாக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். விடை வேறுபட்டால் யார் தப்பு என்று எழுதிவைக்க வேண்டும். சில மாதம் மெஷினின் தப்பாகவே இருக்கும்.

புதிய கருவியை ஓட்டத் தொடங்கும் நிறுவனம் மூன்று மாதம் பழையதையும் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். அந்த மூன்றில் ஒன்று ஏப்ரலோ அக்டோபரோ ஆக இருப்பது நல்லது, அப்போதுதான் சந்தாக் கால மாற்றம் சோதனைக்குள் வரும். ஆட்களின் எண்ணிக்கை, மொத்தச் சம்பளம், பி.எஃப். ஊதியக் கூட்டு, இ.எஸ்.ஐ. ஊதியக் கூட்டு, கையில் போகும் தொகை, வங்கிக்கு அனுப்பும் கோப்பின் தொகை என்ற ஆறு கூட்டுத்தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துவர வேண்டும். வங்கிக் கோப்பை மெஷின் தானே அனுப்பும் வசதி இருந்தாலும் அதைத் திறந்துவிடக் கூடாது. ஒருவர் தயாரித்து இன்னொருவர் கையெழுத்திட்ட பிறகே பணம் நகர வேண்டும்.

பொது ஏ.ஐ. தளங்களில் சம்பளப் பட்டியலை அப்படியே ஒட்டுகிற பழக்கம் பல அலுவலகங்களில் பரவிவருகிறது, இன்றே நிறுத்த வேண்டியது அது. பெயர், ஆதார், யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்), வங்கிக் கணக்கு நான்கையும் எடுத்துவிட்டு வெறும் டோக்கன் எண்ணோடு கொடுத்தாலே ஒப்பீடு நடக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகும். அபராதம் இல்லாவிட்டாலும், ஒருவர் சம்பளத்தில் எவ்வளவு கூட்டுறவுக் கடனுக்குப் போகிறது, எவ்வளவு ஜப்தியில் போகிறது என்பது அவருடைய மானம் சார்ந்த விஷயம்.

வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கு முடிப்பதில்தான் மெஷினின் வேகம் இனி மிகவும் தேவைப்படும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில், விலகினாலும் விலக்கினாலும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிவரை இழுத்து, கேன்டீன் பாக்கி, யூனிஃபார்ம், அட்வான்ஸ் என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்கி முடிக்கும் பழைய முறைக்கு இனி இடமில்லை. இந்தப் பாக்கிகளை அன்றாடம் திரட்டி வைத்திருப்பதை மெஷினுக்கு விட்டுவிடலாம். விலகுகிற அன்று மாலை அவரை எதிரே உட்காரவைத்து, "இது உங்க சம்பளப் பாக்கி, இது லீவுக்கு வர்ற பணம், பி.எஃப். எடுக்கணும்னா இத்தனை நாள் பொறுக்கணும், வேற எடத்துல சேந்தீங்கன்னா எடுக்காம மாத்திக்கங்கண்ணே, பென்ஷன் வருசம் விட்டுப்போகாது" என்று சொல்ல ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.